எண்பதோடு போதும்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வேப்பந்தட்டை வண்டி ஏறி, கம்பியைப் பிடிக்கக்கூட வழியில்லாமல், யாரோ ஓர் அம்மாளின் பிளாஸ்டிக் கூடைக்கும் சீட்டு முதுகுக்கும் நடுவில் சிக்கி நின்றிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. என் கையில் ஃபைல். ஃபைலுக்குள், கல்லூரி விட்டதும் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள்கள். லேப்டாப் பேட்டரி ஏன் சீக்கிரம் கிழடு தட்டிப்போகிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள் என்ற தைரியத்தில் அங்கேயே ஒருமுறை படித்துவிட்டேன். புரிந்த மாதிரியும் இருந்தது, நழுவுகிற மாதிரியும் இருந்தது.

பேட்டரிக்குள் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய், அடுக்குகளுக்கு இடையே உட்காருமாம். முதலில் வருபவை சுலபமாக உட்கார்ந்துவிடும். கடைசியில் வருபவற்றை நெட்டித் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். அப்படி நெட்டி நிரப்பி, அந்த நிலையிலேயே சூட்டோடு வைத்திருந்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகும்.

படியிலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். "உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எடம் கெடக்குது பாருங்க."

"அந்த எடத்தக் கொஞ்சம் கையத் தூக்கச் சொல்லுங்கண்ணே, எங்க இருக்குன்னு பாத்துட்டுப் போறோம்" என்றான் பாலிடெக்னிக் பையன் ஒருவன்.

கண்டக்டர் அவனைத் தோளால் தள்ளியே அந்த இடத்தைக் காட்டினார். அதற்குப் பிறகும் ஆட்கள் ஏறினார்கள். ஆத்தூர் ரோட்டில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகிக்கொண்டே போனது. இதே ரோட்டில், எல்லோருக்கும் சீட் கிடைத்து நிற்பவர் யாருமில்லாமல் போகிற மத்தியான வண்டி எவ்வளவு லேசாக ஓடும் என்று நினைத்தேன். அந்த வண்டியும் இதுவும் ஒரே டிப்போவுக்கு ஒரே நாளில் புதிதாக வந்திருந்தாலும், எது முதலில் பட்டறைக்குப் போகும் என்பதைச் சொல்ல இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு லேப்டாப்பை நாங்கள் நாள் முழுக்கப் படியில் ஆள் தொங்கவிட்டே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சார்ஜை நூறு சதவீதம் வரை ஏற்றாமல், எண்பதோடு நிறுத்தினால்?

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. அன்றைக்குத் தரையில் கால் வைக்க உண்மையிலேயே இடமும் இல்லை.

லேப்டாப் அக்காவுடையது. அத்தான் குவைத்தில் இருக்கிறார். அங்கே ஓர் ஆபீசில் கழித்துப் போட்டதை வாங்கி, லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். அக்கா கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் சிலர் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தார்கள்; வீட்டில் போட்டுப் பார்க்க யாரிடமும் மிஷின் கிடையாது. அம்மா வீட்டுக்கு வந்திருந்த அக்கா, சாயங்காலங்களில் அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பத்து நாள் தங்க வந்தவள் மாதக்கணக்கில் தங்கிவிட்டாள்.

தா.பழூரில் இருக்கும் அவள் மாமனார் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எழாமல் இருக்குமா? போனில் பேசிப் பேசி ஓர் ஏற்பாடு ஆனது. மாசி மாதம் அந்தப் பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் பரீட்சை. அதுவரை வகுப்பு ஒழுங்காக நடந்தால் அக்கா இங்கே இருக்கலாம்; அதற்குப் பிறகும் அவள் சொல்லிக்கொடுப்பது பற்றி உட்கார்ந்து பேசலாம். நடுவில் நின்றுபோனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தா.பழூருக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகு கம்ப்யூட்டர் பேச்சே இருக்கக் கூடாது. அக்கா சரி என்று சொல்லி போனை வைத்தாள். அவள் எதற்கும் பதறமாட்டாள். பதறுவதற்கு வீட்டில் நான் இருந்தேன்.

வகுப்பு நடக்கிற நேரம்தான் சிக்கல். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்து பாயை விரிப்பதும், தெருவில் எல்லா வீட்டிலும் டிவியும் மோட்டாரும் ஓட ஆரம்பிப்பதும், தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ப்யூஸ் போவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். லைன்மேன் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். அவர் வந்து ப்யூஸ் போடுவதற்குள் வகுப்பு முடிந்திருக்கும். ஆக, வகுப்பு முழுக்க பேட்டரியில்தான். ஆரம்பத்தில் அந்த பேட்டரி வகுப்பைத் தாண்டியும் நின்றது. ஐப்பசி பிறந்தபோது, கடைசியாக உட்காரும் பிள்ளையின் முறை வருவதற்குள் திரை இருண்டுபோக ஆரம்பித்தது. திருச்சியில் விசாரித்தோம். அந்த மாடலே நின்றுபோயிற்று, பேட்டரி வராது என்றார்கள். இருக்கிற உயிரைக் காப்பாற்றித்தான் மாசி வரை ஓட்ட வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து நேராக லேப்டாப்பைத்தான் தொட்டேன். இலவம்பஞ்சு மெத்தையின் மேல், பழைய வேட்டித் துணி போர்த்தி, சார்ஜரில் செருகியபடி கிடந்தது. தூசி படக் கூடாது, தரையின் ஈரம் ஏறக் கூடாது என்று அம்மாவின் ஏற்பாடு. அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஜுரக்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

"அம்மா, இத யாரு சொருவி வெச்சது?"

"நாந்தான். எம்பதுன்னு காட்டிட்டு இருந்துச்சு. பாவமா இருந்துச்சு, சொருவிட்டேன்."

அம்மாவின் கணக்கில் எதுவும் குறையாக இருக்கக் கூடாது. உப்பு ஜாடி, அரிசிப் பானை, குடிதண்ணீர்க் குடம் எல்லாம் செவ்வாய் வெள்ளிக்கு முன்பே வாய்வரை நிறைந்திருக்க வேண்டும். பாதி அரிசியோடு பானை இருப்பதை யாராவது பார்த்துவிட்டால் அவளுக்கு மானம் போய்விடும். சரஸ்வதி பூஜைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களின் மேல் ஏற்றி உட்காரவைத்தாள். பூஜையில் இருக்கிற பொருள் குறையோடு இருக்கக் கூடாதென்று, எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்வரை சார்ஜிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் குத்துவிளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கெடுப்பது எப்படி என்று ஒரு பரீட்சைக் கேள்வி வந்தால், எங்கள் வீட்டு சரஸ்வதி பூஜையை அப்படியே எழுதி முழு மார்க் வாங்கலாம்.

நான் தாள்களை எடுத்து அம்மாவுக்கும் அக்காவுக்கும் விளக்கினேன். அயனி, அடுக்கு, பஸ், கண்டக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டாள். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"முழுசா சாப்புட்டா ஆயுசு கொறையும்ங்கிற."

"ஆமா."

"உனக்கு அப்படித்தான் சொல்லிக்குடுக்கறாங்களா காலேஜுல? அதான் எளச்சுப் போயிருக்க."

எண்பதில் தானாக நிறுத்தும் மென்பொருள் சில புது லேப்டாப்புகளில் உண்டு என்று தாளில் இருந்தது. பிரவுசிங் சென்டரில் தேடி, ஒன்றை இறக்கி சிடியில் கொண்டுவந்தேன். எங்கள் மிஷின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். விஷுவல் பேசிக்கில் ஒரு சின்ன புரோகிராம். பேட்டரி எவ்வளவு இருக்கிறதென்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கும். எண்பதைத் தொட்டால் பீப், பீப் என்று கத்தும். ஒயரைப் பிடுங்கும்வரை விடாது. கத்துவது அதன் வேலை, பிடுங்குவது வீட்டில் இருப்பவர் வேலை. எழுதி முடித்து ஓட்டியதும் எனக்கே என்னைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் நான் கல்லூரியில். அக்கா மத்தியானம் சார்ஜில் போட்டுவிட்டு, பிடுங்கிப் போட்ட வெங்காயத்தில் தாள் அரிய அப்பாவோடு காட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் நான் வந்தபோது லேப்டாப்பைக் காணவில்லை. மெத்தையில் ஒரு தலையணை மட்டும் கிடந்தது. தலையணைக்கு அடியிலிருந்து, மூச்சு முட்டுகிற குரலில், பீப், பீப்.

"மத்தியானத்துலேந்து கத்திக்கிட்டே கெடக்குது" என்றாள் அம்மா. "பசிக்குதோன்னு சொருவுனத நல்லா அழுத்தி வுட்டேன். அப்பவும் நிக்கல. சத்தம் தாங்காம தலகாணியப் போட்டு அமுக்கிட்டேன்."

அக்கா தலையணையை எடுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுப் பக்கம் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய வகுப்பில் கடைசிப் பிள்ளைக்கு மறுபடியும் முறை கிடைக்கவில்லை. இரட்டைச் சடை போட்ட அந்தப் பிள்ளை, "பரவால்லக்கா, நாளைக்கு நான் மொதல்ல உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனது. ஆனால் அவள் அப்பா மறுநாள் கடையில் எங்கள் அப்பாவைப் பார்த்து, வகுப்பு இன்னும் நடக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இந்த மாதிரிக் கேள்வி பஸ் ஏறித் தா.பழூர் போய்ச் சேர வெகு நேரம் ஆகாது.

அம்மாவிடம் வேறு வழியில் போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைக் காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். தரையில் படாமல் கல் அடுக்கி, மேலே கழி பரப்பி, பக்கத்துக்குப் படல் கட்டி, காற்று ஊடுருவுகிற மாதிரி ஒடுக்கமாக நீளமாகப் போடுவது. அகலமாக்கி அம்பாரமாகக் குவித்தால் நடுவிலிருக்கும் வெங்காயம் வெந்து அழுகிவிடும்.

"பட்டறைய ஏம்மா அம்பாரமாக் குவிக்கக் கூடாது?"

"குவிச்சா காத்து எப்படிப் போவும்? அதுக்கு மூச்சு வுடணும்ல."

"இதுக்கும் மூச்சு வுடணும்."

"இதுக்கு மூக்கு எங்கடி இருக்கு?"

லேப்டாப்பை ஓடவிட்டு, பக்கவாட்டில் காற்று வெளியேறும் துளைகளுக்கு நேராக அவள் உள்ளங்கையைப் பிடித்துக் காட்டினேன். வெதுவெதுப்பான காற்று. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மெத்தையில் அது கிடந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மெத்தை போய்விட்டது. கவிழ்த்துப்போட்ட மூங்கில் கூடையின் மேல் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. துணி போர்த்தவில்லை. அடியில் தாராளமாகக் காற்று. இது தாளில்கூட இல்லாத ஏற்பாடு. ஆனால் திரையில் நூறு.

"காத்து வேணும்ன, குடுத்துட்டேன்" என்றாள். "கொறையா வெக்கிறது வேற பேச்சு."

அப்போது அக்கா பேசினாள். அவள் அயனியையும் சொல்லவில்லை, வெங்காயத்தையும் சொல்லவில்லை. தலை பின்னிக்கொண்டே, "எனக்கு மாசி வரைக்கும் ஓடுனாப் போதும்மா. அதுக்குள்ள நின்னுடுச்சுன்னா நான் போயிட வேண்டியதுதான்" என்றாள்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தே பேரம் வந்தது. "அப்ப செவ்வா, வெள்ளி மட்டும் ரொப்பிக்கிறேன். மத்த நாளு உங்க எம்பது."

என் கணக்குப் புத்தி இதை எதிர்க்க நினைத்தது. அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வாரத்தில் இரண்டு நாள் நெட்டி ஏற்றுவது, தினமும் நெட்டி ஏற்றுவதற்கு எவ்வளவோ மேல். ஒத்துக்கொண்டேன். அம்மா சொன்னபடி நடந்தாள். பீப் சத்தம் கேட்டால் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்ப் பிடுங்குவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "போதும்னு அதுவே வாயத் தொறந்து சொல்லுது பாருங்க, வூட்டுல மனுசங்ககூடச் சொல்ல மாட்டாங்க" என்று காட்டவும் ஆரம்பித்தாள்.

எண்பதோடு நிறுத்தினால் நேரம் குறையுமே என்று, வகுப்பில் நாங்கள் இன்னும் சில சிக்கனங்கள் செய்தோம். திரை வெளிச்சத்தைக் குறைத்தோம். ஒரு பிள்ளை அடிக்கும்போது மற்றவர்கள் தாளில் எழுதித் தயாராக இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு யோசிக்கக் கூடாது. பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், அதைத் தாளும் ஒளிக்காமல் சொல்லியிருந்தது. ஆனால் கார்த்திகையில் எவ்வளவு நேரம் நின்றதோ, பார்த்தவரை மார்கழியிலும் அவ்வளவு நேரம் நின்றது. எண்பதினால் நின்றதா, கூடையினால் நின்றதா, எங்கள் சிக்கனத்தினால் நின்றதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்னொரு லேப்டாப் வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு முறை கிடைத்தது. எனக்கு அது போதும்.

பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, அக்காவின் மாமனார் வருவதாகக் காலையில் போன் வந்தது. புது அரிசி கொண்டுவருகிறார் என்று சொன்னார்கள். அரிசிக்காக மட்டும் யாரும் தா.பழூரிலிருந்து மூன்று பஸ் மாறி வரமாட்டார்கள். நான் அன்றைக்குக் கல்லூரியில் ஒரு வகுப்பையும் கவனிக்கவில்லை. இன்றைக்கு மட்டும் நூறு ஏற்றியிருக்கலாமே என்பதுதான் மனசில் ஓடியது. அந்தத் தாளிலேயே இருந்தது: வேண்டிய நாளில், வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு முழுசாக ஏற்றிக்கொண்டால் தப்பில்லை; நிறைத்தபடியே போட்டுவைப்பதுதான் தப்பு. அதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் எல்லா நாளும் வேண்டிய நாளாகிவிடும் என்று பயம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கரண்ட் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. திரையைப் பார்த்தேன். எண்பது.

"நெறையாப் போட்டு வெப்பன்னு நெனச்சேன்" என்றேன் மெதுவாக.

"எனக்கும் கை பரபரன்னுதான் இருந்துச்சு" என்றாள் அம்மா. "திங்கக்கெழமையாச்சே. பேசுன பேச்சு பேச்சுதானே?"

மாமனார் வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நீ பாட்டுக்கு நடத்தும்மா. நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார் அக்காவிடம். சும்மா உட்காரவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் என்ன செய்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். லைன்மேன் அன்றைக்கு இன்னும் தாமதம். அரிக்கேன் விளக்கை ஓர் ஓரத்தில் வைத்தோம். திரையின் மங்கல் வெளிச்சத்தில் பிள்ளைகளின் முகம் மட்டும் தெரிந்தது. ஒருத்தி எழுந்தாள், அடுத்தவள் உட்கார்ந்தாள். நான் திரையின் மூலையிலிருந்த பேட்டரிப் படத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

கடைசிப் பிள்ளை உட்காரும்போது, பேட்டரி குறைகிறது என்று எச்சரிக்கைப் பெட்டி எழும்பியது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அதை மூடிவிட்டு, "நீ அடி" என்றாள். பிள்ளை அடித்தது. தப்பு வந்தது. தப்பைத் தேடியது. கண்டுபிடித்து, திருத்தி, ஓட்டி, விடை வந்ததும் அக்கா அவசரமே இல்லாமல் சேமித்து அணைத்தாள். "இன்னைக்கு இவ்ளோதான். பாத்துப் போங்க."

பிள்ளைகள் போன பிறகு மாமனார் கேட்டார். "கரண்டு இல்லாம இம்புட்டு நேரம் நிக்குமா இது?"

"நிக்க வெக்கிறதுக்குத்தான் மாமா இம்புட்டுப் பாடு" என்றாள் அக்கா.

அவர் குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார். "நம்மூர்லயும் புள்ளைங்க இதத்தான் படிக்குதுங்க. சாயங்காலமானா நம்ம தெருவுலயும் கரண்டு கெடையாது. பரீட்ச முடியட்டும். அப்புறம் அங்க வந்து நடத்தும்மா. முன் ரூம எடுத்துக்க."

அக்கா இங்கே, வேப்பந்தட்டை கடைத்தெருவில் ஒரு ரூம் பிடித்து நடத்த வேண்டுமென்று ஆசைப்பட்டாள். எனக்கு அது தெரியும். அவள் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டி வைத்தாள். பிறகு கேட்டாள். "முன் ரூம்ல தவுட்டு மூட்ட அடுக்கியிருக்குதே மாமா."

"தவுட எடுத்துடறேன்."

"நெல்லும் அடுக்கக் கூடாது. அறுப்பு நேரத்துலயும்."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்க பொண்ணு நல்லா பேசுதுங்க தங்கச்சி." ஆனாலும் தலையை ஆட்டினார்.

மாசி வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் வரை வகுப்பு நிற்கவில்லை. இப்போது பெட்டி கட்டுகிற வேலை நடக்கிறது. அக்கா போகிற பெட்டிதான், ஆனால் நாங்கள் பயந்துகொண்டிருந்த பெட்டி இல்லை. லேப்டாப்பும் கூடவே போகிறது. அம்மா மூங்கில் கூடையையும் கொடுத்து அனுப்புவேன் என்கிறாள்.

தா.பழூர் வீட்டில் பகலில் எல்லோரும் வயலில் இருப்பார்கள். பீப் சத்தம் கேட்டு ஓடிவந்து பிடுங்க ஆள் கிடையாது. ஆகவே கத்துகிற புரோகிராம் அங்கே உதவாது. அதுவே பிடுங்கிக்கொள்ள வேண்டும். லேப்டாப்பின் பின்னால் பிரிண்டர் மாட்டுகிற போர்ட் ஒன்று சும்மா கிடக்கிறது. புரோகிராம் அதன் வழியாக ரிலே என்கிற சின்ன சுவிட்சுக்குச் சொல்லும்; ரிலே எண்பதில் சார்ஜருக்குப் போகிற கரண்டைத் துண்டிக்கும், ஐம்பதுக்கு இறங்கினால் திரும்பச் சேர்க்கும். காகிதத்தில் சர்க்யூட் வேலை செய்கிறது. லேப்டாப் தானாகத் தூங்கிவிட்டால் ரிலே எந்தப் பக்கம் விழும் என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. சனிக்கிழமை திருச்சி போய் ரிலே வாங்குகிறேன். முதலில் லேப்டாப்பின் சார்ஜரில் கை வைக்கப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை மாட்டி, அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்து, திரை எண்பதைக் காட்டும்போது பல்பு அணைகிறதா என்று பார்க்கப்போகிறேன்.